பல்லுப்பழத்தின் அடிவிளிம்பு

குகதாசன் அண்ணை படங்களுக்குப் பிரேம் போடுகிறவர். வட்டக்கச்சிச் சந்தியைத் தாண்டி, பிள்ளையார் கோயிலுக்கு எதிரே அவருடைய கடை. அதற்கும் என் பூக்கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் மறைப்பு. அவரிடம் வருகிற படங்களில் பாதி சாமி படம், மீதி செத்தவர்களின் படம். இரண்டுக்கும் மாலை என்னிடம்தான் வாங்குவார்கள். அதனால் யார் என்ன கொண்டுவந்தார்கள், என்ன சொல்லி அழுதார்கள் என்பதெல்லாம் என் காதில் விழும். விழாத மாதிரி இருந்துகொள்வேன்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, வீரம்மாவின் மகள் யதுர்ஷிகா ஒரு படத்தைப் பழைய சீலையில் சுற்றிக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினாள். அன்றைக்கும் நான் அப்படித்தான் இருந்தேன்.

அந்தப் படம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு மாதுளம்பழம் பிளந்து கிடக்கும். உள்ளே முத்துக்களுக்குப் பதிலாக மனிதப் பல்லு, வரிசை வரிசையாக. காம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அதன் நுனியில் ஒரு துளி, விழப்போகிற மாதிரி, ஆனால் விழாமல். பழத்தின் நிழலோ பழம் மாதிரி இல்லாமல் நாலு காலும் சாய்மானமும் உள்ள ஒரு கதிரையின் நிழலாக நிலத்தில் நீண்டிருக்கும். பிள்ளைகள் அதைப் பல்லுப்பழம் என்பார்கள். சோறு தின்ன மறுக்கிற பிள்ளையை வீரம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டி வெருட்டின தாய்மாரும் உண்டு.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்த காலத்தில் வீரம்மாவின் புருசன் முத்துலிங்கம் கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் காவலாளியாக இருந்தார். வளவில் நிற்கிற மாமரம் காய்க்கும்போதெல்லாம் அங்கே இருந்த டொக்டர் அம்மாவுக்கு ஒரு பை பழம் கொண்டுபோவார். அந்த அம்மா தன் நாட்டுக்குத் திரும்பும்போது, எனக்கு நீ பழம் தந்தாய், நானும் உனக்கு ஒரு பழம் தருகிறேன் என்று சொல்லி இந்தப் படத்தைச் சுருட்டிக் கொடுத்திருக்கிறா. முத்துலிங்கம் அதைக் குகதாசன் அண்ணையிடம் கொண்டுவந்து பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினார். சில வருசத்தில் அவரும் செத்துப்போய்விட்டார். படம் சுவரிலேயே இருந்தது.

இப்போது யதுர்ஷிகா போனில் அதைப் படம் பிடித்துத் தேடிப் பார்த்திருக்கிறாள். கனவில் காண்கிற மாதிரி வரைகிறவர்களைச் சர்ரியலிஸ்ட் என்பார்களாம். அந்தக் கூட்டத்தில் பெரிய பெயர் எடுத்த ஓவியர் ஒருவர் செய்த அச்சுப் படம் அது. அறுபது பிரதி மட்டும் அடித்துவிட்டு அச்சுக்கல்லை அழித்துவிட்டாராம். ஒவ்வொரு பிரதியின் கீழும் அது எத்தனையாவது என்று பென்சிலால் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறாராம். கொழும்பில் ஓவியங்களை ஏலம் விடுகிற ஒரு நிறுவனத்துக்கு யதுர்ஷிகா எழுதிக் கேட்டாள். பங்குனி மாத ஏலத்தில் வைக்கலாம் என்று அவர்கள் பதில் போட்டார்கள். ஏலப் புத்தகம் அச்சுக்குப் போகமுதல், வெள்ளிக்கிழமைக்குள், அந்த இலக்கத்தையும் கையெழுத்தையும் படம் பிடித்து அனுப்பவேண்டும். அது இல்லாவிட்டால் ஏலமும் இல்லை. பிரேமின் விளிம்புக்குள் மறைந்திருக்கும் என்று நம்பித்தான் பிள்ளை கழற்றக் கொண்டுவந்திருந்தாள்.

அவர்கள் அந்த ஏலத்தை நம்பி இருந்ததற்குக் காரணம் காணி. வீரம்மா இருக்கிற வளவு அவளுடையது இல்லை. கலவர காலத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்த அவளுடைய தகப்பனைக் காணிக்காரர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இருத்திய இடம். வீரம்மா வளர்ந்ததும் கலியாணம் கட்டியதும் பெற்றதும் புருசனை இழந்ததும் அதற்குள்தான். காணிக்காரரின் மகன் கனடாவில். அவர் விற்கப்போகிறார். சித்திரைக்குள் வீரம்மா வாங்கினால் வீரம்மாவுக்கு, இல்லாவிட்டால் நெல் ஆலை போட இடம் தேடுகிறவருக்கு. மனுசன் கெட்டவர் இல்லை, கேட்டுவிட்டுத்தான் விற்கிறார்.

குகதாசன் அண்ணை ஆணிகளைக் கழற்றிப் பின்பலகையை எடுத்துப் படத்தை வெளியே எடுத்தார். நாலு பக்கமும் நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தது. பழம் இருந்தது, குழாய் இருந்தது, கதிரை நிழல் இருந்தது. கீழே வெள்ளை ஓரமும் இல்லை, எழுத்தும் இல்லை.

யதுர்ஷிகா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டொக்டர் அம்மா தரும்போதே இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டாள். குகதாசன் அண்ணை அதை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். படத்தை வைத்துவிட்டுப் போ பிள்ளை, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

எங்கள் வீடுகளில் சாமி படம் என்பது கலண்டரில் வந்த படம்தான். வருசம் முடிந்ததும் முருகனையோ அம்மனையோ எறிய மனம் வராது. கொண்டுபோய்ப் பிரேம் போடுவோம். கலண்டரின் அடியில் கடைப் பெயரும் போன் இலக்கமும் இருக்கும். சாமியின் பாதத்துக்குக் கீழே சீமெந்துக் கடை விளம்பரம் நிற்கலாமா? குகதாசன் அண்ணை கேட்காமலே அதை வெட்டிவிடுவார். நாங்களும் அதைத்தான் விரும்பினோம். முத்துலிங்கம் கொண்டுவந்த படத்தின் அடியிலும் ஒரு இலக்கமும் ஒரு கிறுக்கலும் இருந்தன. அச்சடித்த கடைக்காரன் போட்டது என்று நினைத்து வழக்கம் போல வெட்டினார்.

மத்தியானம் அவருடைய மனைவி ஜெயரூபி சாப்பாடு கொண்டுவந்தபோது இதை அவர் சொன்னது எனக்குக் கேட்டது. ஜெயரூபி அக்கா குரலைத் தாழ்த்தித்தான் பேசினா.

"அந்தப் பிள்ளையே வெள்ளைக்காரி தரேக்கையே இப்பிடித்தான் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டுது. நீங்கள் ஏன் வாயைத் திறக்கிறியள்?"

"துண்டு எங்க இருக்குதெண்டு எனக்குத் தெரியுமப்பா."

"எங்க?"

"சுதர்சினி ரீச்சரின்ர படத்துக்குப் பின்னால."

ஜெயரூபி அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வைத்துவிட்டுப் போய்விட்டா.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தைச் சொல்லவேண்டும். குகதாசன் அண்ணையின் தகப்பன் இரணைமடு வாய்க்காலின் கீழ் வயல் செய்தவர். இவருக்கு வயல் பிடிக்கவில்லை. இளவயதில் பட்டணத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் நின்று தொழில் பழகினார். இடம்பெயர்ந்து ஓடும்போது மற்றவர்கள் நகையும் பத்திரமும் எடுக்க, இவர் கண்ணாடி வெட்டுகிற கருவியைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டார். முகாமிலிருந்து திரும்பி வந்து, கூரை இல்லாத கடையில் சாக்கு கட்டி நிழல் செய்துகொண்டு உட்கார்ந்தார். முதல் மாதங்களில் வந்ததெல்லாம் செத்தவர்களின் படம். அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்தது, கலியாணக் கூட்டத்தில் இருந்து முகத்தை மட்டும் பிரித்து எடுத்தது, இப்படி. ஒவ்வொரு நாளும் கைகழுவித் திருநீறு பூசிய பிறகுதான் அந்தப் படங்களைத் தொடுவார்.

அவருக்கு ஒரு பயம் இருந்தது. பிரேம் போடும்போது படங்களைக் கவிழ்த்து வைக்கவேண்டும். கவிழ்த்தால் எல்லாம் ஒன்றுபோல. ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டுச் சுவருக்குப் போய்விடக் கூடாது. அதனால் படத்துக்கும் பின்பலகைக்கும் இடையில் வைக்கிற மட்டைத் துண்டில் அவரவர் பெயரை எழுதுவார். அப்போது நல்ல மட்டை கிடைக்காது. கையில் கிடைத்த தடித்த கடுதாசியைத்தான் வைத்தார். பல்லுப்பழத்தில் இருந்து வெட்டிய துண்டு பஞ்சுபோலத் தடிப்பாக இருந்தது. சுதர்சினி ரீச்சரின் படமோ மெல்லிசாக, வளைந்து வளைந்து நின்றது. அதற்கு இது பொருந்தியது.

ரீச்சர் எங்கள் ஊர் முன்பள்ளியில் படிப்பித்தவ. கடைசிச் சண்டையில் போய்விட்டா. அவவின் புருசன் தங்கராசா அண்ணையிடம் மிஞ்சியது ஒரே ஒரு படம், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நின்று எடுத்தது. அதிலிருந்து பெருப்பித்த முகம்தான் சுவரில் இருப்பது. திவசத்தன்று அவரே கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, அவரே மாட்டுவார். மற்ற நாளில் ஒருத்தரும் அதில் கைவைக்க முடியாது. திவசம் வைகாசியில்.

செவ்வாய்க்கிழமை காலை குகதாசன் அண்ணை பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு முதலில் வீரம்மாவிடம் போனார். தான்தான் வெட்டினேன் என்று சொன்னார். துண்டு எங்கே என்றும் சொன்னார். யதுர்ஷிகா அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாளாம். வீரம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன் தங்கச்சி, அவள் திட்டவில்லை என்று பிறகு என்னிடம் வந்து சொன்னார். இத்தனை வருசம் இங்கே இருந்தும் தகப்பனின் மலையகப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை.

"வேணாங்கண்ணே. செத்தவங்க மொகத்தைக் கெளப்பி எனக்கு ஒரு காணி வேணாம். டீச்சர் தூங்கட்டும்" என்றாளாம்.

அவள் அப்படிச் சொன்னதுதான் இவரை நிற்கவிடவில்லை. அங்கிருந்து நேரே வாய்க்கால் கரையில் இருக்கிற தங்கராசா அண்ணை வீட்டுக்குப் போனார். தங்கராசா அண்ணை முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டு நின்றார். இவர் சொல்லி முடிக்கும்வரை காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தாராம்.

"என்ர மனுசியின்ர முகத்துக்குப் பின்னால நீர் குப்பையோ வச்சனீர்?"

அன்று மட்டை இருக்கவில்லை என்று குகதாசன் அண்ணை சொன்னால் அது வெறும் சாட்டு. நல்ல கடுதாசி என்று சொன்னால் அதுவும் சாட்டு.

"நான் ஒவ்வொரு நாளும் விளக்குக் காட்டுறன். ஆருக்குக் காட்டினனான்? பல்லுப்பழத்தின்ர வாலுக்கோ?"

இவர் வெளியே போகப் படலையைத் திறந்துவிட்டுத் தங்கராசா அண்ணை ஒதுங்கி நின்றாராம்.

ஊருக்குள் கதை மாலைக்குள் பரவியது. புதன்கிழமை விடிய, கடை திறக்கமுதலே இரண்டு பேர் படத்தோடு நின்றார்கள். ஒருத்தி தன் தமையனின் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். திறந்து காட்டுங்கோ, பின்னால் என்ன இருக்குதென்று நான் பார்க்கவேண்டும் என்றாள். இவர் ஆணியைக் கழற்றித் திறந்தார். பிஸ்கட் பெட்டி மட்டை, அதில் அவளுடைய தமையனின் பெயர். பெயரைப் பார்த்ததும் அவள் அழுதாளா கோபப்பட்டாளா என்று எனக்கே விளங்கவில்லை. புது வெள்ளை மட்டை வைத்து மூடிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மத்தியானத்துக்குள் இன்னும் சிலர். ஒரு கிழவர், வேண்டுமென்றே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, என் மனுசிக்குப் பின்னால் பல்லுப்பழமோ புளியம்பழமோ என்று கேட்டுச் சிரித்தார். குகதாசன் அண்ணையும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தகரத்து ஓட்டை வழியே பார்த்தேன், அடுத்த படத்தின் ஆணியைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

நான் பிள்ளையாருக்கு அறுகம்புல் மாலை ஒன்று கூடுதலாகக் கட்டினேன். எனக்கு வேறென்ன தெரியும்?

வியாழக்கிழமை பொழுது ஏறுமட்டும் ஒன்றும் நடக்கவில்லை. யதுர்ஷிகா வந்து படத்தைத் தாங்கோ மாமா, கொண்டுபோகிறேன் என்றாள். கொழும்புக்கு எழுதப்போகிறாளாம், இலக்கம் கிடைக்கவில்லை என்று. இவர் படத்தைச் சீலையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது தங்கராசா அண்ணை சைக்கிளில் வந்து கோயில் வாசலில் இறங்கினார். கடைக்குள் வரவில்லை. தெருவில் நின்றபடியே கதைத்தார்.

"ஊராற்ற படமெல்லாம் திறந்து காட்டுறீராம்."

"ஓம் அண்ணை."

"கேட்டவைக்கெல்லாமோ?"

"ஓம்."

கொஞ்சநேரம் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு யதுர்ஷிகாவைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டையும் அவவிட்டத்தான் ஆனா ஆவன்னா படிச்சது. அவவிட்டக் கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லுவா. எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு." சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். "வாரும். ஆனால் படம் என்ர வாசலைத் தாண்டாது. முகத்தில ஒரு கீறல் விழுந்தாலும் நான் என்ன செய்வனெண்டு எனக்கே தெரியாது."

மாலை ஒன்று கட்டி எடுத்துக்கொண்டு நீயும் வா தங்கச்சி என்று குகதாசன் அண்ணை என்னைக் கூப்பிட்டார். யதுர்ஷிகாவும் கூட வந்தாள், போகிற வழியில்தான் அவர் தன் பயத்தைச் சொன்னார். மாரிக் குளிரில் ஈரம் இறங்கினால் பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிவிடும். பின்னால் இருக்கிற துண்டும் படத்தோடு ஒட்டியிருக்கலாம். இழுத்தால் முகம் உரிந்து வரும். வேறு படம் கிடையாது.

தங்கராசா அண்ணை விளக்கேற்றி, சுவரில் இருந்த படத்தைத் தானே கழற்றினார். எங்கேயும் வைக்கவில்லை. கதிரையில் இருந்துகொண்டு, ரீச்சரின் முகம் தன் நெஞ்சைப் பார்க்கிற மாதிரிப் படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பின்பலகை எங்கள் பக்கம் இருந்தது. இப்படியே செய்யும் என்றார்.

குகதாசன் அண்ணை அவர் முன்னால் முழங்காலில் இருந்தார். துருவேறிய ஆணிகளை ஒவ்வொன்றாக, தட்டாமல், குறட்டால் பிடித்து அசைத்து அசைத்து எடுத்தார். ஒவ்வொரு ஆணிக்கும் தங்கராசா அண்ணையின் தோள் ஒருமுறை இறுகியது. பின்பலகை வந்தது. அதன் பின்னால் அந்தத் துண்டு, கை அகலத்தில், மஞ்சளேறி, இருந்தது. ஒரு முனை தளர்வாக நின்றது. மறுமுனை படத்தோடு ஒட்டியிருந்தது.

அவர் அதைத் தொட்டார். விட்டார். நெற்றியைத் துடைத்தார். யதுர்ஷிகா வாசலில் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, பூக்கட்டுற நூல் ஒரு முழம் தா."

கொடுத்தேன். நூலை இரண்டு கையிலும் சுற்றி இறுக்கி, துண்டுக்கும் படத்துக்கும் நடுவில் செருகினார். இந்தப் பக்கம் ஒரு நூலளவு, அந்தப் பக்கம் ஒரு நூலளவு, அறுப்பது போல இழுத்தார். கடுதாசி சரசரத்தது. எனக்கு அந்தச் சத்தம் தோலை உரிக்கிற மாதிரி இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளையாரே, ரீச்சரைக் காப்பாற்று என்று சொன்னேன். செத்த ஆளைக் காப்பாற்றச் சொல்கிறேனே என்று பிறகுதான் உறைத்தது.

"கிழியுதோ?"

"இல்லை அண்ணை."

"பொய் சொல்லாதையும்."

"கிழிஞ்சால் நானே முதல் சொல்லுவன்."

திரும்பவும் சரசரப்பு. பிறகு சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தபோது துண்டு குகதாசன் அண்ணையின் கையில் இருந்தது. அதன் முனையில் படத்தின் முதுகிலிருந்து உரிந்த வெள்ளைத் தும்பு கொஞ்சம். தங்கராசா அண்ணை படத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தார். நீளமாகப் பார்த்தார். ரீச்சர் பழையபடி பார்த்துக்கொண்டிருந்தா, கண்ணும் நெற்றியும் ஒரு குறையும் இல்லாமல்.

துண்டின் ஒரு பக்கத்தில் பென்சிலால் இருபத்துமூன்று, ஒரு சாய்ந்த கோடு, அறுபது. தள்ளி ஒரு கையெழுத்து. மறுபக்கத்தில் நீலப் பேனையால், பெரிய எழுத்தில், சுதர்சினி.

தங்கராசா அண்ணை அந்தப் பெயரை வெகுநேரம் பார்த்தார். "நீர் எழுதினதோ?" என்று கேட்டார். ஓம் என்றார் இவர். "ஏன்?" என்றார். ஆள் மாறிப்போகக் கூடாதென்றுதான் என்றார் இவர். தங்கராசா அண்ணை தலையை ஆட்டினார். குகதாசன் அண்ணை கொண்டுவந்த புது மட்டையை வாங்கி, பேனை கேட்டு, தன் கையாலே அதில் பெயரை எழுதிக் கொடுத்தார். எழுத்துக் கோணியிருந்தது. அதை வைத்து மூடினோம். நான் மாலையைக் கொடுத்தேன், அவரே போட்டார்.

யதுர்ஷிகா அன்றே எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினாள். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. வெட்டிய ஓரமும் துண்டின் ஓரமும் ஒன்றோடொன்று சேருகின்றன, எடுத்துக்கொள்கிறோம். ஆனால் வெட்டுப்பட்ட படம் வெட்டுப்பட்ட படம்தான், முழுசாக இருந்திருந்தால் கிடைக்கிற விலை கிடைக்காது. பின்பக்கத்தில் இருக்கிறது என்ன எழுத்து என்றும் கேட்டிருந்தார்கள். அதை அழிப்பார்களோ என்று தங்கராசா அண்ணை விசாரித்துவரச் சொன்னார். ஒன்றையும் அழிக்கமாட்டோம், புத்தகத்தில் எழுதுவோம் என்றார்கள். அப்படியே எழுதினார்கள். யதுர்ஷிகா எங்களுக்குப் படித்துக் காட்டினாள்: மாதுளம்பழம், அறுபதில் இருபத்துமூன்று, அடிவிளிம்பு தனியாக உள்ளது, பின்புறத்தில் தமிழில் ஒரு பெண்ணின் பெயர்.

ஏல நாளன்று வீரம்மா என் கடையில் வந்து இருந்தாள். தன் வீட்டில் இருக்க முடியவில்லையாம். கதிரையின் நிழல் இருந்த சுவர் வெறுமையாகக் கிடக்கிறதாம். யதுர்ஷிகாவின் போனில் ஏலம் நடப்பது தெரிந்தது. பல்லுப்பழம் வந்தது. ஏலக்காரர் தொடக்க விலையைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் குகதாசன் அண்ணை கண்ணாடி வெட்டுவதை நிறுத்திவிட்டார். வீரம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் பதிந்தது. ஏலக்காரர் கடைசித் தரம் சொல்ல வாயெடுத்தபோது எங்கேயோ இருந்து ஒருவர் கேட்டார். பிறகு இன்னொருவர். கொஞ்சத்தூரம் ஏறிவிட்டு நின்றது.

முழு வளவுக்கும் அது போதவில்லை. பாதிக்குக் காணும். கனடாக்காரர் பாதியாகப் பிரித்துத்தர ஒத்துக்கொண்டார். கிணறும் வீடும் இருக்கிற பாதியா, மாமரம் நிற்கிற பாதியா என்று கேட்டபோது வீரம்மா ஒரு இரவு யோசித்துவிட்டுக் கிணறு என்றாள். வேலி போட்டாயிற்று. மாமரம் ஆலைக்காரர் பக்கம். ஒரு கொப்பு மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறது.

மற்றப் பாதி தன்னுடைய கத்தியில் போனது என்று குகதாசன் அண்ணைக்குத் தெரியும். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. வீரம்மாவும் கேட்கவில்லை. காணி உறுதி எழுதி முடிந்த கிழமை அவள் ஒரு பழைய கலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். வள்ளி தெய்வானையோடு முருகன். வெறுஞ்சுவருக்கு ஒரு படம் வேண்டும் அண்ணே, உங்க கையால போட்டுத் தாங்க என்றாள்.

மறுநாள் வாங்க வந்தவள் படத்தைப் பார்த்துவிட்டுத் தகரத்து ஓட்டையின் ஊடாக என்னையும் பார்த்தாள். முருகனுடைய பாதத்துக்குக் கீழே, கண்ணாடிக்குள், ஒரு உரக்கடையின் பெயரும் போன் இலக்கமும் அப்படியே இருந்தன.

"அண்ணே, கீழ வெட்டலியா?"

"இல்லை வீரம்மா. இனி நான் ஒண்டின்ர அடியும் வெட்டுறேல்லை."

அவள் சிரித்துவிட்டு என்னிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கினாள். அதைப் பிரேமில் சுற்றிப் பார்த்தாள். உரக்கடை மறைந்தது.